ஆயிரம் யார் தூரப் போட்டிக்குக் கடை ரைபிள்: எதை வாங்குவது?

3 ஜூன் 2023, ஹப்புத்தளையிலிருந்து வந்த கேள்வி

அண்ணே, செப்டெம்பரில் ஒட்டாவா போகிறேன். அக்கா குடும்பம் அங்கேதான். பக்கத்தில் கொனோட் ரேஞ்சில் 1000 யார் தூரத்துக்குக் குறிபார்த்துச் சுடும் போட்டி நடக்கிறதாம், அத்தான் போய்ப் பார்த்திருக்கிறார். எனக்கும் ஆசை. பார்த்த வரைக்கும் 6.5 க்ரீட்மோர் ரவைக்கு ஒரு ரூகர் ப்ரிசிஷன் ரைபிள் வாங்கினால் பெட்டியைப் பிரித்த அன்றே போட்டிக்குப் போகலாம் போலிருக்கிறது. .308 எல்லாம் தாத்தா காலத்து ரவை. சரிதானே?

3 ஜூன் 2023, இரவு

பாதி சரி. ரூகர் நல்ல ரைபிள், 6.5 க்ரீட்மோர் நல்ல ரவை. ஆனால் அந்த ரேஞ்சில் அவை இரண்டும் சேர்ந்து உங்களை யார் பக்கத்தில் படுக்க வைக்கும் என்று பார்த்தீர்களா தம்பி?

அங்கே தூரப் போட்டி என்றால் பெரும்பாலும் டார்கெட் ரைபிளும் எஃப்-கிளாஸும்தான். ஸ்கோப் வைத்துச் சுடுவது எஃப்-கிளாஸ். அதற்குள் இரண்டு பிரிவு. எஃப்-டி.ஆர் என்றால் .223 அல்லது .308, வேறு ரவை கிடையாது, முன்னால் பைபொட் என்கிற இரட்டைக்கால் தாங்கி, ஸ்கோப், பைபொட் எல்லாம் சேர்த்து 8.25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எஃப்-ஓப்பன் என்றால் 8 மில்லிமீற்றர் வரை எந்த ரவையும் சரி, 10 கிலோ வரை எடை, முன்னால் பெரிய தாங்கி வைத்துக்கொள்ளலாம். 6.5 க்ரீட்மோரோடு போனால் நீங்கள் பைபொட் வைத்திருந்தாலும் ஓப்பனில்தான் பெயர் எழுதுவார்கள். அங்கே பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் துப்பாக்கித் தச்சரிடம் சொல்லிச் செய்த 7 மில்லிமீற்றர் ரைபிளோடு வந்திருப்பார். அவருடைய குழலின் விலைக்கு உங்கள் ரைபிளே வந்துவிடும்.

அதே .308ஐ எடுத்துக்கொண்டு டி.ஆர் பக்கம் போனால், எல்லோருக்கும் ஒரே ரவை, ஒரே கட்டுப்பாடு. கடை ரைபிளுக்கு மரியாதை இருக்கிற பிரிவு அது.

மேடை, கதவு, கயிறு என்று ஏதோ ஒன்றில் ரைபிளைச் சாய்த்து, நேரம் ஓட ஓட இரும்புத் தகடுகளைச் சுடுகிற பி.ஆர்.எஸ் வகைப் போட்டிதான் வேண்டும் என்றால் உங்கள் கணக்கு சரி, க்ரீட்மோரே வாங்குங்கள். முதலில் போட்டி, அப்புறம் ரவை, ரைபிள் கடைசியில். கடைக்காரர் இதைத் தலைகீழாகத்தான் கேட்பார்.

4 ஜூன் 2023

சொல்ல விட்டுப்போன இரண்டு. எஃப்-கிளாஸில் குழல் முனையில் உதையைக் குறைக்கும் ப்ரேக் இருக்கக் கூடாது; கடையில் வரும்போதே சில ரைபிள்களில் அது மாட்டியிருக்கும், கழற்ற வேண்டும். மகஸினும் வேண்டாம், ஒவ்வொரு ரவையாகக் கையால் வைத்துத்தான் சுடுகிறோம். பத்து ரவை மகஸின், மடங்குகிற பின்கட்டை, பக்கவாட்டுத் தண்டவாளம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற பலவும் பாய்மேல் படுத்த பிறகு வெறும் எடை.

இந்த வகையை ஆரம்பித்தவர் கனடாக்காரரான ஜோர்ஜ் ஃபார்க்குவார்சன். கண்ணும் தோளும் தளர்ந்த பிறகு வார் கட்டி, இரும்புக் குறி பார்த்துச் சுட முடியாமல் போனவர்கள் ரேஞ்சை விட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று ஸ்கோப்பையும் தாங்கியையும் உள்ளே விட்டார். எஃப் என்பது அவர் பெயரின் முதல் எழுத்துத்தான். வயசாளிகளுக்காக வந்த ஆட்டத்துக்கு இப்போது இளவட்டங்கள் போட்டிபோடுகிறார்கள்.

9 ஜூன் 2023

".308 என்றால் எது?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பெயரைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம்: குழலின் முறுக்கும் நீளமும்.

முறுக்கு 1:12 என்றால் சன்னம் குழலுக்குள் 12 அங்குலம் போவதற்குள் ஒரு சுற்றுச் சுற்றும். பழைய .308களில் இதுதான் வழக்கம். சன்னத்தின் எடையைக் கிரெய்னில் சொல்வோம்; 155 கிரெய்ன், 168, 175 வரைக்கும் பழுதில்லை. 185, 200 என்று நீளமான சன்னத்துக்குப் போனால் 1:11 அல்லது 1:10 வேண்டும். டி.ஆரில் இன்று முன்னால் நிற்பவர்களில் பலர் அந்தக் கனமான சன்னங்களைத்தான் சுடுகிறார்கள், காற்று அவற்றைக் குறைவாகத் தள்ளுகிறது.

நீளம். 1000 யாரில் .308க்குத் தொல்லை என்னவென்றால் சன்னம் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. 15 பாகை வெப்பத்தில் ஒலிவேகம் வினாடிக்கு சுமார் 1116 அடி. 175 கிரெய்ன் சன்னம் 2600 அடி வேகத்தில் கிளம்பினால் அதற்குச் சற்று மேலே மட்டுமட்டாகப் போய்ச் சேரும். குழல் ஒரு அங்குலம் குறைந்தால் 20, 25 அடி வேகம் போய்விடும். பெர்காரா எச்.எம்.ஆர், ரூகர் ப்ரிசிஷன் இரண்டுமே .308இல் 20 அங்குலக் குழலோடு வருகின்றன. 600 யாருக்கு அழகான ரைபிள்கள். 1000க்கு எனக்கு மனம் வராது. 168 கிரெய்ன் மெட்ச்கிங் சன்னம் இந்த விஷயத்தில் பெயர் கெட்டது: 800 யார் வரை ரோஜாப்பூ மாதிரி சுடும், 1000இல் பலகையில் பக்கவாட்டாக விழுந்த ஓட்டையைக்கூடப் பார்க்கலாம்.

கடையிலேயே இந்த ஆட்டத்துக்கென்று செய்து விற்பது சவேஜ் 12 எஃப்-டி.ஆர். 30 அங்குலக் குழல், மகஸின் இல்லாத கெட்டியான அடிப்பாகம், தொட்டு இழுத்தாலே சுடும் லேசான விசை. முறுக்கு மட்டும் 1:12. பின்லாந்து டிக்கா டி3எக்ஸ் போல்ட்டை இழுக்கிற சுகம் வேறெதிலும் இல்லை, .308இல் 1:11, ஆனால் குழல் நீளம் பார்த்து எடுங்கள். ஜப்பான் ஹோவா 1500 விலைக்கு மீறிய இரும்பு. ரெமிங்டன் 700 வந்தது 1962இல். உலகத்தில் உள்ள பின்கட்டை, விசை எல்லாம் அதன் அளவுக்கே செய்யப்படுவதால் அதை வாங்குகிறவன் தனியே நிற்க மாட்டான்.

.223ஐ விட்டுவிடுங்கள், காற்று தூக்கிக்கொண்டு போகும்.

10 ஜூன் 2023

நேற்று .223ஐ ஒரே வரியில் தள்ளியது கொஞ்சம் அவசரம். ராத்திரி படுத்து யோசித்தால் அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது. தோளில் அடி இல்லை. மருந்து பாதிதான் செலவு. குழல் நீண்ட நாள் உழைக்கும். 1:7 முறுக்கில் 90 கிரெய்ன் சன்னம் சுட்டால் காற்றுக்கு .308க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பிரச்சினை கடை ரைபிளில்: பல .223கள் 1:9இல் வருகின்றன, அதில் 80 கிரெய்னே நம்ப முடியாது. ரவையைக் கையால் கட்டுகிறவருக்குத்தான் .223. கட்டத் தெரியாதவர் கடை ரவையில் 1000 யார் போக .308தான் லேசு.

11 ஜூன் 2023

பதுளைக்காரர் ஒருவர் கேட்கிறார்: "இன்னொரு கம்பனி அரை எம்.ஓ.ஏ உத்தரவாதம் தருகிறது, சவேஜ் தரவில்லையே?"

கணக்குப் போடுவோம். எம்.ஓ.ஏ ஒரு கோண அளவு, பாகையில் அறுபதில் ஒன்று; ஒரு எம்.ஓ.ஏ என்பது 100 யாரில் 1.047 அங்குலம், 1000 யாரில் பத்தரை அங்குலம். எஃப்-கிளாஸ் பலகையில் 1000 யாரில் முழுப் புள்ளி வளையம் 10 அங்குலம், அதற்குள், புள்ளி சமமாக வந்தால் வெற்றியைத் தீர்க்கிற வளையம் 5 அங்குலம். நடுவிலிருந்து விளிம்புக்கு 5 அங்குலம்தான் இருக்கிறது.

இப்போது காற்று. .308இல் 175 கிரெய்ன் சன்னத்தை 1000 யாரில் மணிக்கு 1 மைல் குறுக்குக் காற்று ஏறக்குறைய 1 எம்.ஓ.ஏ தள்ளும். அதாவது காற்றை நீங்கள் அரை மைல் தப்பாகக் கணித்தாலே சன்னம் வளையத்தின் விளிம்பில். ஒரு மைல் தப்பினால் வெளியே. உத்தரவாதக்காரர் ரைபிளுக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் கால் எம்.ஓ.ஏ. அந்தக் கால் எம்.ஓ.ஏக்கு இரண்டு மடங்கு காசு கொடுப்பதா, காற்றைப் படிக்க அந்தக் காசை ரவையாகச் சுடுவதா?

அந்த உத்தரவாதமும் மூன்று ரவை சுட்டு ஓட்டைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதற்குத்தான். போட்டியில் ஒரு சுற்றில் 15, 20 சுடுகிறோம். பத்தாவது ரவைக்கு மேல் குழல் சூடாகும்போது ரைபிள் என்ன செய்கிறது என்பதை எந்த அட்டையிலும் அச்சடிப்பதில்லை.

18 ஜூன் 2023

கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது. பண்டாரவளையில் தகரம் ஆட்டம் காண்கிறது. ஹப்புத்தளைத் தம்பிக்கு இது கொடுப்பினை. கையில் ரைபிள் இல்லாமலே பாதிப் பாடத்தை அங்கே படிக்கலாம்.

உங்கள் ஊர் ஒரு மலைமுதுகு. தெற்கே சரிவு நேரே தாழ்நிலத்துக்கு இறங்குகிறது. காற்று அந்தச் சரிவில் ஏறி வந்து முதுகைத் தாண்டி தியத்தலாவைப் பக்கம் விழுகிறது. சாயந்தரம் பத்தனைப் புல்வெளியில் ஒரு இடத்தில் உட்கார்ந்து மானாப்புல்லைப் பாருங்கள். உங்கள் கிட்ட புல் கிழக்கே சாயும். நடுப் பள்ளத்தில் அசையாமல் நிற்கும். எதிர் மேட்டில் டர்பன்டைன் மரம் மேற்கே ஆடும். ஒரே நேரத்தில் மூன்று காற்று. 1000 யாரில் சன்னம் அத்தனைக்குள்ளும் புகுந்துதான் போகிறது, ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகாயத்தில் இருக்கிறது. நடு வழியில் பார்வைக் கோட்டுக்கு மேலே 10 அடிக்கும் கூடுதலான உயரத்தில் பறக்கிறது. அங்கே வீசுகிற காற்று தரையில் புல் காட்டுவதைவிட வேகமானது.

கைப்பிடிக் காற்றுமானி ஒன்று மலிவாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முகத்தில் படும் காற்று 6 மைலா 9 மைலா என்று முதலில் வாயால் சொல்லிவிட்டு அப்புறம் மானியைப் பாருங்கள். திசையும் கணக்கு: நேர் பக்கத்திலிருந்து வந்தால் முழுக் காற்று, முன்னாலிருந்து 30 பாகை சாய்ந்து வந்தால் பாதி, 45 பாகை என்றால் பத்தில் ஏழு.

வெயில் ஏறின பிறகு கானலைப் பார்ப்பது தனிக் கலை. தொலைநோக்கியைப் பலகைக்குக் கொஞ்சம் இப்பால் தெளிவாக்கினால் கானல் ஓடுகிற பக்கம் தெரியும். அது நேரே மேலே கொதிக்கிறது என்றால் காற்று செத்திருக்கிறது, அல்லது திசை மாறப் போகிறது. நான் அந்த நேரத்தில் விரலை விசையிலிருந்து எடுத்துவிடுவேன். கொனோட்டில் ஒட்டாவா ஆறு பக்கத்தில் ஓடுகிறது, கொடிகள் ஒன்றையொன்று மதிக்காது.

2 ஜூலை 2023

இந்தப் பேச்சு முழுக்க நான் சொல்ல வந்ததே இதுதான், சுற்றிச் சுற்றி இப்போதுதான் வருகிறேன். குழல் தேயும் சாமான்.

கனடா போகும் முன்னால் நான் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர். கொழுந்தை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி ரோலரை வாங்கும்போதே அதன் பல்லை எத்தனை தடவை தீட்டலாம், அப்புறம் எப்போது கழற்றி எறிவது என்று கணக்கு வைப்போம். குழலும் அந்த இனம்தான். நெருப்பும் மருந்தும் ரவை அறைக்கு முன்னால், சன்னத்தைச் சுழற்றும் வரிகள் தொடங்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும். போட்டித் தரத்தில் .308 குழல் சுமார் 4000 ரவைக்கு மேலும் ஓடும். 6.5 க்ரீட்மோர் 2000, 2500இல் இருமத் தொடங்கும். 6.5-284 மாதிரி மருந்து விழுங்கிகள் ஆயிரம் சொச்சத்தில் முடிந்துவிடும். ஒழுங்காகப் பழகுகிறவனுக்கு ஒரு பருவத்தில் ஆயிரம் ரவை பெரிய எண்ணிக்கை இல்லை.

அதனால் கடை ரைபிள் எடுக்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, இது எப்படிச் சுடும் என்பதில்லை. இதன் குழல் செத்தால் அடுத்ததை யார் மாட்டுவது, எத்தனை நாள் ஆகும், எவ்வளவு? சவேஜ் 1958இல் 110ஐக் கொண்டுவந்ததிலிருந்து குழலை ஒரு நட்டால் இறுக்குகிறது. குறடு, போல்ட் ஓடும் செயல்பாகத்தைப் பிடிக்கும் கவ்வி, அறைக்குள் ரவை உட்காரும் இடைவெளியைப் பார்க்கிற ஹெட்ஸ்பேஸ் அளவைக் கட்டை இரண்டு இருந்தால் வீட்டு மேசையிலேயே மாற்றலாம். போகும் கட்டையில் போல்ட் மூட வேண்டும், போகாத கட்டையில் மூடக் கூடாது. அவ்வளவுதான், ஆனால் அந்த "அவ்வளவுதான்"இல் கவனம் பிசகினால் முகம் போகும். ரூகர் ப்ரிசிஷனும் நட்டு வகைதான். ரெமிங்டன் 700க்குப் பழைய முறையில் லேத்தில் தோள் கடைந்து பொருத்த வேண்டும், இப்போது அதற்கும் நட்டு வைத்த குழல்கள் வந்துவிட்டன. டிக்காவின் குழலைக் கழற்றுவது வைராக்கியம் உள்ளவன் வேலை, கழற்றிவிட்டால் அளவு சுத்தம்.

1:12 முறுக்கு என்று சவேஜைக் குறை சொன்னேனே, இந்தக் கணக்கில் அது குறையே இல்லை. அந்தக் குழலில் 155உம் 175உம் சுட்டுக் காற்றைப் படியுங்கள். அது தேயும்போது உங்களுக்கு எந்தச் சன்னம் பிடிக்கும் என்று தெரிந்திருக்கும், அடுத்ததை 1:10இல் நீங்களே கேட்டு வாங்குவீர்கள்.

5 ஜூலை 2023

வெலிமடையிலிருந்து: "உருளைக்கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டது, இந்த ரைபிள் ஒன்று இங்கே எடுக்க முடியுமா?"

முடியாது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. பயிர்க் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு கிடைப்பது துவக்கு, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தூரம் சுடும் ரைபிளை அந்தக் கணக்கில் கேட்டால் சிரித்து அனுப்புவார்கள். கட்டுத்துவக்கு வைக்கிற யோசனை இருந்தால் அதை இங்கே பேச வேண்டாம். அதில் கால் போனவர்களை எனக்குத் தெரியும்.

23 ஜூலை 2023

தியத்தலாவையில் இராணுவ ரேஞ்சில் சத்தம் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது போயர் கைதிகள். 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடித்தவர்களில் சுமார் 5000 பேரைக் கப்பலேற்றி இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து, தியத்தலாவையில் தகரக் கொட்டகை போட்டு அடைத்தார்கள். அவர்கள் ஊரில் 7 மில்லிமீற்றர் மவுசரால் தூரத்திலிருந்து சுட்டுப் பிரிட்டிஷ் படைக்கே பாடம் எடுத்தவர்கள். அதே வருடம் கண்டியில் துரைமார் சேர்ந்து சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோரை அமைத்தார்கள். ஒரு மலையில் அடைபட்ட குறிகாரர்கள், இன்னொரு மலையில் குறிபழகும் துரைமார். போர் முடிந்த பிறகு முடிக்கு விசுவாசம் சொல்ல மறுத்து இங்கேயே தங்கிவிட்ட எங்கல்பிரெக்ட்தான் யாலவின் முதல் காப்பாளர்.

தேயிலைக்காரர்கள் யாரும் அந்தக் கோரில் இருந்தார்களா என்று கேட்காதீர்கள். துரைமார்தான். நம் ஆட்கள் பெட்டி தூக்கியிருப்பார்கள்.

ரைபிளுக்கு வருவோம்.

14 ஓகஸ்ட் 2023

ஸ்கோப். தம்பி 25 மடங்கு பெருக்கம் ஒன்றைக் கண்வைத்திருக்கிறார். பெருக்கத்தை விடுங்கள், உள்ளே எத்தனை எம்.ஓ.ஏ ஏறும் என்று கேளுங்கள். 100 யாருக்கு நேர் செய்த .308 ரைபிளை 1000க்குக் கொண்டுபோக சுமார் 37 எம்.ஓ.ஏ ஏற்ற வேண்டும். ஸ்கோப்பில் மொத்தம் 60 என்று போட்டிருந்தால் நடுவிலிருந்து மேலே 30தான். முடிந்தது கதை, பலகைக்குக் கீழே மண்ணைத்தான் சுடுவீர்கள். 20 எம்.ஓ.ஏ சாய்வுள்ள அடித்தளம் ஒன்றைப் போட்டால் மேலே 50 கிடைக்கும். அந்தச் சின்ன இரும்புத் துண்டை வாங்க மறந்து முதல் போட்டியில் தலையைச் சொறிந்தவர்களை ஒவ்வொரு பருவமும் பார்த்திருக்கிறேன்.

எடையையும் கூட்டிப் பாருங்கள். 30 அங்குலக் குழல், பெரிய ஸ்கோப், அகலக் கால் பைபொட் எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவை எட்டிவிடும்.

15 ஓகஸ்ட் 2023

நுவரெலியாவிலிருந்து ஒருவர்: "மலையில் ஈரக் காற்று கனமாக இருக்கும், சன்னம் சீக்கிரம் விழும்." இரண்டுமே தலைகீழ். நீராவி மற்றக் காற்றைவிட லேசானது, ஈரம் கூடினால் காற்று இளைக்கும். ஆனால் அது கணக்கில் தூசு. பெரியது உயரம். தியத்தலாவை 1250 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 12 விழுக்காடு குறைவு, நுவரெலியாவின் 1868 மீற்றரில் 17. அங்கே சன்னம் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு போகும். ஒட்டாவாவோ ஆற்றோரத் தாழ்நிலம். வசந்தத்தில் குளிரும் சேர்ந்தால் காற்று இன்னும் தடிப்பு. மலைநாட்டு அளவையை வைத்துக்கொண்டு அங்கே போனால் எல்லாம் கீழே விழும். எந்தத் தூரத்துக்கு எவ்வளவு ஏற்றுவது என்ற அட்டையை அங்கே போய்த்தான் எழுத வேண்டும்.

30 ஓகஸ்ட் 2023

தம்பி போகும் முன் கடைசியாக: கனடாவில் முதலில் பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை, அப்புறம்தான் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பம். புதிதாக விண்ணப்பிக்கிறவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு சட்டத்திலேயே உண்டு, நடைமுறையில் இன்னும் இழுக்கும். அதற்குள் வெளிப் பருவம் முடிந்து பனி வந்துவிடும். அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம்.

22 ஒக்டோபர் 2023

தம்பி ஒட்டாவாவிலிருந்து எழுதுகிறார், வகுப்பு முடிந்ததாம். "குளிர்காலம் முழுக்கச் சும்மாவா இருப்பது?"

.22 ரிம்ஃபயர் ஒன்று எடுங்கள். 100 யாரில் மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று சாதாரண வேக .22 ரவையைச் சுமார் 4 அங்குலம், அதாவது 4 எம்.ஓ.ஏ தள்ளும். அதே காற்று .308ஐ 500 யாரில் தள்ளுகிற கோணமும் கிட்டத்தட்ட அதுதான். ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில், கொஞ்சக் காசில் அதே பாடம். செக் நாட்டு சீ.இசட் 457 நல்லது. அதில் குழல் இரண்டு திருகாணியில் நிற்கிறது, கழற்றி மாற்றச் சாவி ஒன்று போதும். ஜூலையில் குழலைப் பற்றி எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள், பழகிக்கொள்ளச் சின்னதிலேயே ஆரம்பிக்கலாம்.

கொழும்பிலிருந்து ஒரு தங்கச்சி, இங்கேயே இருப்பவர்களுக்கு என்ன வழி என்று கேட்டார். 1000 யார் வழி இல்லை. ஆனால் ரைபிள் விளையாட்டு இல்லை என்று சொல்ல முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல 10 மீற்றர் காற்று ரைபிளில் நின்றார். ரியோவில் மங்கள சமரக்கோன் 50 மீற்றரில். பாடசாலையில் கெடட் படை இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். மூச்சை நிறுத்துவதும் விசையை அழுத்துவதும் 10 மீற்றரில் படித்ததுதான் 1000 யாருக்கும்.

11 பெப்ரவரி 2024

தம்பிக்கு ஒருவர் பழைய சவேஜ் 12 எஃப்-டி.ஆர் .308 தருகிறாராம், ஓப்பனுக்கு மாறுகிறாராம். படம் அனுப்பினார். குழலில் எத்தனை ரவை போனது என்று புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார், 2800 சொச்சம். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. எழுதி வைக்கிறவன் கழுவியும் வைத்திருப்பான்.

இருந்தாலும் குழலுக்குள் பார்க்கும் போர்ஸ்கோப் விட்டு வரிகள் தொடங்கும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வறண்ட குளத்து மண் மாதிரி வெடிப்பு சும்மா இருக்கும், அதற்குப் பயப்படாதீர்கள். வரியின் விளிம்பு மழுங்கி அங்குலக்கணக்கில் மறைந்திருந்தால் விலையிலிருந்து ஒரு புதுக் குழலைக் கழித்துக் கேளுங்கள். அவரிடம் குறடும் அளவைக் கட்டைகளும் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஓப்பனில் அவர் வேறு ரைபிள் வைத்திருப்பார், கொடுத்துவிடுவார்.

அவர் ரவை கட்டும் அளவை அட்டையையும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு கட்டாதீர்கள், கீழேயிருந்து ஏறி வாருங்கள். ஒவ்வொரு ரவையின் வேகத்தையும் வேகமானியில் பாருங்கள். 175 கிரெய்னில் இரண்டு ரவைக்கு நடுவே 30 அடி வேக வித்தியாசம் இருந்தால் 1000 யாரில் 9, 10 அங்குலம் மேல்கீழாகப் போகும், முழு வளையமும் அதற்கே செலவு. கடை ரவையை நான் 600க்கு மேல் முழுதாக நம்பாதது இதனால்தான்.

26 மே 2024

முதல் போட்டி முடிந்ததாம். காலையில் இரண்டு சுற்றும் ஐந்துகளும் நான்குகளுமாக. மத்தியானம் காற்று திரும்பியதைப் பார்க்காமல் மூன்று ரவை இடது பக்கம் வெளியே. ரைபிள் மேல் சந்தேகம் வந்து ஸ்கோப் திருகாணிகளை முறுக்கிப் பார்த்திருக்கிறார். திருகாணி எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்ததாம்.

அடுத்த தடவை, பலகையை ஏற்றி இறக்கும் குழியில் உங்கள் முறை வரும்போது அலுத்துக்கொள்ளாதீர்கள். மேலே யாருடைய சன்னம் எந்தப் பக்கம் விழுகிறது என்று வரிசையாகத் தெரியும். பக்கத்துப் பலகைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இடது பக்கம் போனால் அது காற்று. ஒரு பலகை மட்டும் போனால் அந்த ஆள். உங்கள் மூன்றும் எந்த வகை என்று பலகை இழுத்தவரிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் மறப்பதில்லை.